கசக்காத ரோமைன் லெட்டூஸ் வேண்டுமா? கார்த்திகையில் விதையுங்கள்!

‘‘சித்திரை மாதம் ரோமைன் லெட்டூஸ் விதை ஒரு பாக்கெட் வாங்கி மாடித்தோட்டத்தில் தூவினேன். பத்துச் செடிகூட வரவில்லை. வந்ததும் குச்சிபோல உயர்ந்து, வேப்பிலையாகக் கசந்தது. விதை போலியா? நல்ல விலை கிடைக்கும் என்கிறார்களே, 25 சென்ட்டில் போடலாமா என்று வீட்டுக்காரர் கேட்கிறார்’’ என ஈரோடு மாவட்ட வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்.

விதையைக் குறை சொல்லும் முன் மாதத்தைப் பாருங்கள், அம்மா. பங்குனியில் விதைத்து நானும் ஏமாந்திருக்கிறேன். லெட்டூஸ் குளிர்காலக் கீரை. 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் விதை நன்றாக முளைக்கும். 30 டிகிரியைத் தாண்டினால் நல்ல விதைகூட உறங்கிவிடும். வளர்ந்த செடிக்கும் வெயில் ஆகாது. சூடு ஏறினால் தண்டு நீண்டு பூக்கத் தயாராகும். அப்போது இலையில் வெள்ளைப் பால் அதிகமாகும். கசப்பு அந்தப் பாலில்தான் இருக்கிறது.

எப்போது விதைப்பது?

சமவெளியில் ஐப்பசிக் கடைசி முதல் கார்த்திகை முடிய விதைக்கலாம். மாசி வெயில் தொடங்குமுன் அறுவடை முடிந்துவிட வேண்டும். நீலகிரி, கொடைக்கானல் பகுதியினர் கனமழையும் உறைபனியும் இல்லாத மாதங்களில் எப்போதும் போடலாம்.

நாற்று

விதையை ஈரத்துணியில் சுற்றி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு நாள் வைத்து எடுங்கள். உறக்கம் கலையும். பிறகு, குழித்தட்டில் தென்னைநார்க்கழிவும் மண்புழு உரமும் சம அளவு நிரப்பி, மாலையில் விதையுங்கள். இந்த விதைக்கு வெளிச்சம் பட வேண்டும். ஆழமாகப் புதைக்காமல், மேலே லேசாக மண் தூவினால் போதும். அடைமழை படாமல் தாழ்வாரத்தில் வையுங்கள். முளைத்ததும் வெளிச்சமான இடத்துக்கு மாற்றுங்கள்.

நடவு

மூன்று, நான்கு வாரத்தில் நாலைந்து இலை வந்ததும் நடலாம். செம்மண் 2 பங்கு, தென்னைநார்க்கழிவு 1 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு கலந்து பையை நிரப்புங்கள். எட்டு அங்குல ஆழம் போதும். பாத்தியானால் செடிக்குச் செடி ஓரடி இடைவெளி விடுங்கள். காலை வெயில் பட்டு, மதியத்துக்கு மேல் நிழல் விழும் இடம் நல்லது. தினமும் காலையில் வேரில் அளவாகத் தண்ணீர் விடுங்கள். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் இளம் இலைகளின் நுனி கருகும்.

பச்சையாகச் சாப்பிடும் இலை, கவனம்!

கத்திரிக்காய்போல இதை வேகவைப்பதில்லை. குழந்தைகளும் அப்படியே மெல்லுவார்கள். அதனால் பூச்சிமருந்து வேண்டவே வேண்டாம். பச்சைச் சாணம் இடாதீர்கள். ஜீவாமிர்தம், பஞ்சகவ்யா போன்ற சாணக் கரைசல்களை இலைமேல் தெளிக்கக் கூடாது, கிருமி தங்கிவிடும். அசுவினி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். புழு, நத்தையைக் கையால் பொறுக்குங்கள். அறுத்த இலையை ஒவ்வொன்றாக ஓடும் தண்ணீரில் கழுவிய பிறகே சாப்பிடுங்கள்.

அறுவடை

விதைத்த 45 நாள் முதல் அடியிலைகளை ஒடித்துக்கொள்ளலாம். நடுக்குருத்தைத் தொடாவிட்டால் செடி மீண்டும் இலைவிடும். முழுச்செடியாக வேண்டுமானால் 60, 70 நாளில் அறுக்கலாம். காலைக் குளிர்ச்சியில் அறுத்தால் மொறுமொறுப்பு நிற்கும். வாரம் ஓர் இலையை மென்று பாருங்கள். லேசாகக் கசப்பு தட்டினால் காத்திருக்காமல் எல்லாவற்றையும் அறுத்துவிடுங்கள்.

25 சென்ட்டில் போடலாமா?

இந்த ஆண்டு வேண்டாம். அறுத்த லெட்டூஸ் நம் வெயிலில் சில மணி நேரத்தில் வாடிவிடும். குளிர்வசதி இல்லாமல் தூரத்துக்கு அனுப்ப முடியாது. மலையிலிருந்து வரும் சரக்கோடு போட்டியும் உண்டு. உள்ளூர்ச் சந்தையில் இதைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு. மிஞ்சினால் ஆட்டுக்குத்தான் போட வேண்டும்.

இந்தக் கார்த்திகையில் பத்துப் பையில் வளர்த்துப் பாருங்கள். கசக்காமல் வந்தால், அந்த இலையையே கையில் எடுத்துக்கொண்டு பக்கத்து நகர உணவகங்களில் காட்டுங்கள். வாரம் எத்தனை கிலோ, என்ன விலை என்று பேசி முடித்த பிறகு, அந்த அளவுக்கு மட்டும் அடுத்த ஆண்டு பாத்தி கட்டலாம். அதுவரை 25 சென்ட்டில் வழக்கமான வெள்ளாமையே இருக்கட்டும்.