மனிதருக்கும் மிருகங்களுக்கும் நன்மை செய்தல்: எது முதலாவது?

மனிதர் பசித்திருக்கையில் மிருகங்களுக்காகப் பரிந்து பேசுதல் திருச்சபைக்குத் தகுமோ என்னும் வினா நம் ஒழுக்கவியல் வகுப்பில் ஆண்டுதோறும் எழுகின்றது. வினவுவோர் பெரும்பாலும் அடைக்கலான் குருவிகளைப் பற்றிய ஆண்டவரின் வாக்கைத் துணைக்கழைப்பர். மனிதன் விசேஷித்தவன் என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆயினும், குருவியைப் பிதா மறப்பதில்லை என்பதன் மேலன்றோ அவ்வாக்கே கட்டப்பட்டுள்ளது!

1824ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் லண்டன் மாநகரின் ஒரு காப்பிக்கடையில் கூடிய சிறு கூட்டத்தை இங்கு நோக்குவது நலம். அதனைக் கூட்டியவர் ஆர்தர் புரூம் என்னும் ஆங்கிலிக்கன் குருவானவர். தலைமை வகித்தவரோ, அடிமைகளின் விடுதலைக்காகப் பாராளுமன்றத்தில் போராடிவந்த தாமஸ் ஃபவல் பக்ஸ்டன். வில்பர்ஃபோர்ஸும் உடனிருந்து உழைத்தார். மிருகவதைத் தடுப்புச் சங்கம் அன்று பிறந்தது. கால்நடைகளைக் கொடுமைப்படுத்துவோரைத் தண்டிக்கும் சட்டம் ரிச்சர்ட் மார்ட்டினின் முயற்சியால் 1822இலேயே நிறைவேறியிருந்தது. சந்தைகளில் அதைச் செயற்படுத்தவே ஆள் வேண்டியிருந்தது.

இதனால் அடிமைகளின் காரியம் பின்தங்கிற்றோ? இல்லை. 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறி, ஏறத்தாழ 8,00,000 பேருக்கு விடுதலையின் வாசல் திறந்தது. பக்ஸ்டன் தம் உழைப்பின் பெரும்பகுதியை அடிமைகளுக்கே அளித்தார் என்பதையும் மறைத்தலாகாது. ஒன்றுக்கு முதன்மையளிப்பது வேறு. மற்றொன்றைக் கைவிடுவது வேறு.

புரூம் தம் சபைப் பொறுப்பைத் துறந்தார். சங்கத்தின் கடனுக்காக 1826இல் சிறையும் புகுந்தார். அவரை மீட்கப் பொருள் திரட்டியோர் மார்ட்டினும், லூயிஸ் கோம்பெர்ட்ஸ் என்னும் யூதரும் ஆவர். பின்னாளில் சங்கம் கிறிஸ்தவ அடிப்படையிலானது என வரையறுக்கப்பட்டபோது அதே கோம்பெர்ட்ஸ் விலக நேர்ந்தது. நாம் நாணத்தோடு நினைக்க வேண்டிய செய்தி இது.

முதன்மையை எவ்வாறு அறிவது? துன்பத்தின் கடுமை, துன்புறுவோர் தொகை, பிறர் எவரேனும் அவர்களைக் கவனிக்கின்றனரா, நம் கையால் அது தீருமா ஆகியவற்றைச் சேர்த்தே எடைபோட வேண்டும். இன்று உணவுக்காக உலகில் ஆண்டுதோறும் 7,000 கோடிக்கும் மேற்பட்ட கோழிகளும் கால்நடைகளும் கொல்லப்படுகின்றன. இவற்றுள் மிகப் பெரும்பாலானவை கோழிகள். முட்டைக்கோழிகளிற் பல, சிறகை விரிக்கவும் இடமற்ற கம்பிக்கூடுகளில் வாழ்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் அத்தகைய வெறுங்கூடுகளை விலக்கியுள்ளது. கடுமை, தொகை, புறக்கணிப்பு என்னும் மூன்றிலும் இக்கோழிகளின் வழக்கு வலிமையானது.

இதற்காகச் சபையின் தரும நிதியை ஏழைகளிடமிருந்து திருப்புமாறு நாம் கேட்கவில்லை. எனினும், அறுப்பின் பண்டிகை ஏலத்தில் கால் கட்டப்பட்டுத் தலைகீழாய்த் தூக்கிக் காட்டப்படும் கோழியை ஒரு கூடையில் வைத்து ஏலமிட்டால், எந்த ஏழையின் பங்கு குறையும்? அடுத்த பண்டிகைக்கு முன் இதனைச் சபைக் குருவானவர்கள் தத்தம் குழுவில் எடுத்துரைக்கலாம்.