தாமரைக் குளமும் கான்கால் கடற்கரையும்

புதுக்கோட்டைக்கு வடமேற்கே, ஏறத்தாழப் பதினாறு கிலோமீட்டர் தொலைவில், சித்தன்னவாசல் குன்றின் மேற்குச் சரிவில் ஒரு குடைவரைக் கோயில் இருக்கிறது. அறிவர் கோயில் என்பது அதன் பெயர். அதன் அர்த்த மண்டபத்திலே நின்று ஓவியம் காண விரும்புவோர் முதலில் கழுத்தை வளைத்தாக வேண்டும். ஏனெனில் அங்கே குளம் தலைக்கு மேலே இருக்கிறது!

ஆம், விதானம் முழுவதும் தாமரைத் தடாகம். இலையும் மொட்டும் மலருமாக நெருங்கிக் கிடக்கின்றன. இடையிடையே மீன்கள் துள்ளுகின்றன, பறவைகள் நீந்துகின்றன, எருமைகளும் யானைகளும் நீரில் இறங்கியிருக்கின்றன. கோவணம் மட்டும் உடுத்த ஆடவர் மூவர் பூப்பறிக்கிறார்கள். ஒருவன் தாமரைகளைத் தோளில் சாய்த்திருக்கிறான். மற்றொருவன் கையில் பூக்கூடை தொங்குகிறது. முதன்முறை இதைக் கண்டபோது, கோடை நாளிலே குளத்தில் இறங்கிக் களித்துப் பொழுதுபோக்கும் இளைஞர் என்றே நான் எண்ணினேன். என் எண்ணம் தவறு என்று அறியச் சில காலம் ஆயிற்று.

என் பிழையை விளக்க, உங்களைச் சற்றே பிரான்ஸ் நாட்டுக்கு அழைத்துப் போகிறேன். ஜான் சிங்கர் சார்ஜென்ட் என்பவர் அமெரிக்கப் பெற்றோருக்கு இத்தாலியிலே, பிளாரன்ஸ் நகரில், 1856இல் பிறந்தவர். பாரிஸில் ஓவியம் பயின்றவர். வாழ்நாளில் பெரும்பகுதியைத் தாய்நாட்டுக்கு வெளியிலேயே கழித்தவர். 1877ஆம் ஆண்டுக் கோடையில் அவர் பிரிட்டனி மாகாணத்துக் கான்கால் என்னும் கடற்கரை ஊரிலே தங்கிக் குறிப்போவியங்கள் பல தீட்டினார். அவற்றைக் கொண்டு பாரிஸில் எழுதிய பெரிய ஓவியம் 1878இல் அந்நகரத்துப் புகழ்பெற்ற கண்காட்சியில் வைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. நிழலிலும் ஒளியும் வண்ணமும் உண்டு என்று கண்டு, அந்தந்தக் கணத்தில் கண்ணுக்குப் பட்டதைப் பட்டபடியே தீட்ட முயன்ற இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களின் சாயல் அதிலே தெரிகிறது. அலை பின்வாங்கிய ஈரமணலில் ஆங்காங்கே நீர் தேங்கி நிற்க, அதிலே வானம் மின்னுகிறது. பெண்களும் சிறுவர்களும் கூடை தாங்கி நடந்து வருகிறார்கள். பார்ப்பவர் காற்று வாங்க வந்த கூட்டம் என்பார். உண்மையில் அவர்கள் கடல் வற்றும் நேரம் பார்த்துச் சிப்பி பொறுக்கப் புறப்பட்ட உழைப்பாளிகள். கூடை அவர்களுக்கு அலங்காரமன்று, சோறு.

இப்போது நம் குளத்துக்குத் திரும்புவோம். சமணர் மரபில் சமவசரணம் என்பது தீர்த்தங்கரர் அறம் உரைப்பதற்கென்று அமைந்த தெய்வீக மண்டபம். அதை அடைவோர் வழியில் பல பகுதிகளைக் கடக்க வேண்டும். அவற்றுள் ஒன்று நீர்நிலை. அன்பர்கள் அங்கே வழிபாட்டுக்கு மலர் கொய்வர். அந்தக் காட்சியே இவ்விதானத்து ஓவியம் என்று அறிஞர் விளக்குவர். ஆகவே கான்காலில் ஓய்வு போலத் தோன்றுவது உழைப்பு. சித்தன்னவாசலில் விளையாட்டுப் போலத் தோன்றுவது வழிபாடு. ஆனாலும் துள்ளும் மீனை அவ்வளவு ஆசையோடு எழுதிய கைக்கு நீர்விளையாட்டு பிடிக்காமலா இருந்திருக்கும்? எனக்கு அதில் ஐயமே.

முறைகளோ முற்றிலும் வேறு. சார்ஜென்டுக்குத் தொடுவானம் உண்டு. வெயில் விழும் திசை உண்டு. நம் ஓவியனுக்கு இரண்டும் தேவைப்படவில்லை. பாறைமேல் சுண்ணாம்புச் சாந்து பூசி, அதன்மீது மெல்லிய சுண்ணப் பூச்சிட்டு, இயற்கையில் கிடைக்கும் நிறப்பொருள்களால் தீட்டினான். நிழலின் துணையின்றி, ஒரே கோட்டின் வளைவால் தோளின் திரட்சியைக் காட்டிவிட்டான்.

இந்த ஓவியங்களை முதலாம் மகேந்திரவர்மன் காலத்தவை என்றே முன்பு கருதினார்கள். பிரான்ஸிலிருந்து வந்து புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த ழூவோ துப்ரேல் 1920ஆம் ஆண்டளவில் இவற்றை உலகறியச் செய்தவர். மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்ததைக் கூறும் பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று அங்கேயே உள்ளது. அதனால் இன்று நாம் காணும் ஓவியங்கள் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனக் கொள்வோர் பலர். புதுப்பித்தவன் பெயர் கல்லில் நிற்கிறது. தீட்டியவன் பெயர் இல்லை.

காலத்தாலும் மனிதர் கையாலும் நிறம் பெரிதும் மங்கிவிட்டது. போகிறவர்கள் உள்ளே நுழைந்ததும் சில நிமிடம் பேசாமல் நில்லுங்கள். கண் இருளுக்குப் பழகியபின் முதலில் இலைகள் தெரியும். பிறகு ஒரு மீன். அதன்பின், கூடை ஏந்திய அந்தக் கை.