மலைப்பாதை ஏறும் வண்டிக்கு என்ன வேண்டும்?

கீரிப்பாறையைத் தாண்டி மாறாமலைக் கிராம்புத் தோட்டங்கள் பக்கம் ஏறினால், இரண்டு பருவமழையும் மண்ணை அரித்துக் கல்லை மட்டும் மிச்சம் வைத்த பாதைகள் வரும். மலைத்தோட்டங்களில் நாம் பார்த்துப் பழகிய பழைய மஹிந்திரா எம்எம் 540 ஜீப்பின் டீசல் இன்ஜினுக்குச் சுமார் 60 குதிரைத்திறன்தான். நாகர்கோவிலில் ஓடும் சாதாரணக் கார்கள் பலவற்றுக்கு அதைவிடச் சக்தி அதிகம். ஆனாலும் இந்தப் பாதையில் ஜீப்தான் ஏறும்.

முதல் காரணம் லோ கியர். இந்த ஜீப்புகளில் வழக்கமான கியர்பாக்ஸோடு இன்னொரு சிறிய கியர்பாக்ஸும் உண்டு. அதை லோவில் போட்டால் சக்கரத்தைத் திருப்பும் விசை ஏறத்தாழ இரண்டரை மடங்காகும், வேகம் அதே அளவுக்குக் குறையும். கிளட்சைக் கருக்காமல் நடைவேகத்தில் ஏறலாம். இறக்கத்தில்தான் இதன் அருமை தெரியும். வழுக்குப் பாறையில் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும். லோ முதல் கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்து மெதுவாக இறக்கும். ‘ஆல் வீல் டிரைவ்’ என்று விற்கப்படும் பல கார்களில் இது கிடையாது. வாங்குமுன் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது டிஃபரன்ஷியல். வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும் என்பதால், இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற அது இடம் கொடுக்கிறது. ஆனால் இரண்டுக்கும் ஒரே அளவு விசையைத்தான் தரும். ஒரு சக்கரம் பள்ளத்துக்குமேல் அந்தரத்தில் நின்றால் அதைச் சுற்ற விசையே தேவையில்லை. எனவே தரையில் இருக்கும் ஜோடிச் சக்கரத்துக்கும் ஒன்றும் போகாது. முன்னே இடதும் பின்னே வலதும் தூக்கிக்கொண்டால் நான்கு சக்கர இயக்கம் இருந்தும் வண்டி நகராது. இதற்கு மூன்று வழிகள். வளைந்து கொடுக்கும் சஸ்பென்ஷன், சக்கரங்கள் தரையை விடாமல் பார்த்துக்கொள்ளும். 2020இல் வந்த தார் வண்டியின் சில வகைகளில் பின் டிஃபரன்ஷியல் பூட்டிக்கொள்ளும். 2023இல் இந்தியாவுக்கு வந்த ஜிம்னி, வீணாகச் சுற்றும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டு விசையை மறுபக்கம் தள்ளும்.

தரையிலிருந்து உயரத்தை எல்லோரும் விசாரிக்கிறார்கள். அந்தத் தாருக்கு 226 மில்லிமீட்டர். முகப்பு இடிக்காமல் எத்தனை பாகைச் சரிவில் ஏறத் தொடங்கலாம் என்பதையும் பாருங்கள். தாருக்கு அது 41 பாகைக்கு மேல். நீளமான பம்பர் வைத்த கார் அங்கே மூக்கை இடித்துக்கொள்ளும்.

இத்தனையும் இருந்து டயர் சரியில்லை என்றால் பயனில்லை. சாலை டயரின் பள்ளங்களில் செம்மண் அப்பினால் டயர் வழுவழுப்பாகிவிடும். பட்டன் டயர் சுற்றும்போதே சேற்றை உதறும். கடற்கரை மணலில் காற்றைக் குறைத்தால் டயர் நீளமாகப் படிந்து புதையாமல் ஓடும். தார் ரோட்டுக்கு வருமுன் மறக்காமல் காற்று நிரப்ப வேண்டும்.

கடைசியாக இரண்டு எச்சரிக்கைகள்: காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். ரோட்டுக்குத் திரும்பியதும் ஃபோர் வீலை எடுத்துவிடுங்கள். இந்த வகை வண்டிகளில் ஃபோர் வீலைப் போட்டால் முன்னச்சும் பின்னச்சும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டிருக்கும். சக்கரம் வழுக்காத காய்ந்த தரையில் வளைத்தால் அந்த இழுபறி முழுதும் கியர்களின் மேல் விழும்.