கொட்டை எவ்வளவு தூரம் போகும்?

ஷிடாகே காளானின் பெயரிலேயே ஒரு மரம் இருக்கு. ஜப்பானிய மொழியில் 'ஷீ' என்பது மரம், 'டாகே' என்றால் காளான். அந்த ஷீ மரம் காஸ்டனாப்சிஸ் பேரினத்தைச் சேர்ந்தது. ஓக், செஸ்ட்நட் எல்லாம் இதற்குச் சொந்தக்காரர்கள்தான், பீச் குடும்பம். ஆனால் இது பசுமைமாறா மரம். நேபாளத்தில் 'கட்டுஸ்' என்பார்கள். இமயமலைச் சரிவிலிருந்து நியூகினி வரை சுமார் 120 இனங்கள் உண்டு.

பெரும்பாலான இனங்களில் கொட்டை முள் உறைக்குள் இருக்கும். கனமானது, காற்றில் பறக்காது. அணிலோ எலியோ எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டு மறந்தால்தான் புது மரம். ஒரு தடவைக்குக் கொஞ்ச தூரம்தான். கடலைத் தாண்டுவது ரொம்பக் கஷ்டம்.

இங்கேதான் ஒரு புதிர். 2019-ல் பீட்டர் வில்ஃப் குழுவினர், அர்ஜென்டினாவின் படகோனியாவில் கிடைத்த காய்ப் புதைபடிவங்களை காஸ்டனாப்சிஸ் என்று சயின்ஸ் இதழில் எழுதினார்கள். வயது சுமார் 5.2 கோடி ஆண்டுகள்! அப்போது தென் அமெரிக்கா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா மூன்றும் இன்னும் பெரிதாக விலகவில்லை. அந்த வழியாகத் தெற்கிலிருந்து ஆசியாவுக்கு வந்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம். 'இல்லை, வடக்கில் தோன்றிய குடும்பம்' என்று வேறு ஆய்வாளர்கள் அதே இதழில் மறுத்தார்கள்.

யார் சொல்வது சரியென்றாலும், படகோனியா பின்னாளில் குளிர்ந்து வறண்டது. இன்று இந்த மரம் அங்கே இயற்கையாக இல்லை. ஆசியாவில் ஈரக்காடு தொடர்ந்து இருந்ததால் பிழைத்தது. மெதுவாக நகரும் மரத்துக்குக் காடே பாதை. அதை நடுவில் வெட்டிவிட்டால், அணில் கொட்டையை எங்கே கொண்டுபோகும்?