பாடம் வெளியானால் வேலை முடிந்ததா? மின்கற்றல் பாடங்களைக் காப்பதும் மறுபார்வைக்குப் பகிர்வதும்

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் பலரின் மடிக்கணினியில் இன்று ஒரு சிறு நூலகமே இருக்கிறது. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது முதல், வீட்டிலிருந்தே படித்த பிள்ளைகளுக்காக அவர்கள் கண்விழித்துத் தயாரித்த பாடங்கள் அவை. இலக்கணப் புதிர்கள், வாசிப்புப் பயிற்சிகள், கணிதக் காணொலிகள் என்று எத்தனையோ வகை. நாட்டிலுள்ள 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளுக்கும் பொதுச் சொத்தாகக்கூடிய உழைப்பு இது.

அந்த ஆசிரியர் வேறு பள்ளிக்கு மாற்றலாகிப் போனாலோ, கணினி பழுதானாலோ பாடங்கள் என்னவாகும்? பாடத்தில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் அதை யார் திருத்துவது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை ஓரிடத்தில்தான் இருக்கிறது. வெளியிட்ட பாடம் வேறு, அதை உருவாக்கிய மூலக்கோப்பு வேறு என்பதைப் புரிந்துகொள்வதே அது.

சோறும் விதைநெல்லும்

மாணவர்கள் திறந்து பார்ப்பது சமைத்த சோறு. மூலக்கோப்பு விதைநெல். சோற்றைத் திரும்பவும் நெல்லாக்க முடியாது.

ஆர்ட்டிகுலேட் ஸ்டோரிலைன் மென்பொருளில் பாடம் தயாரிப்பவர்களுக்கு இது நன்கு தெரியும். பாடத்தை வெளியிட்டதும் பல சிறு கோப்புகள் அடங்கிய ஓர் உறை கிடைக்கும். அதைப் பார்க்கலாம், தளத்தில் ஏற்றலாம். ஆனால், அதை மீண்டும் ஸ்டோரிலைனில் திறந்து ஒற்றுப் பிழையைத் திருத்த முடியாது. அதற்கு மூலக்கோப்பு வேண்டும். பவர்பாயிண்டில் செய்து காணொலியாக மாற்றிய பாடத்திற்கும் இதே நிலைதான்.

எச்5பி இதில் சற்று வேறுபட்டது. அதன் கோப்பைப் பதிவிறக்கம் செய்து வைத்திருந்தால், பிறகு அதையே திறந்து திருத்தலாம். வேர்ட்வால், கஹூட் போன்றவற்றில் கேள்விகள் அந்தத் தளத்தின் கணக்கிலேயே தங்கிவிடும். ஆகவே, கேள்விகளையும் விடைகளையும் தனியாக ஒரு வேர்ட் கோப்பில் எழுதி வைப்பது நல்லது.

தளங்கள் நிலையானவை அல்ல

நம் நாட்டுப் பள்ளிகள் இதை நேரில் கண்டிருக்கின்றன. பல ஆண்டுகள் பயன்பட்ட ஃப்ராக் கற்றல் தளம் 2019ஆம் ஆண்டின் நடுவில் முடிவுக்கு வந்தது. பள்ளிகள் கூகல் வகுப்பறைக்கு மாறின. 2020 ஜூன் மாதம் கல்வி அமைச்சின் டெலிமா தளம் அறிமுகமானது.

அதே 2020ஆம் ஆண்டின் டிசம்பர் 31ஆம் நாளோடு அடோபி நிறுவனம் ஃப்ளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை நிறுத்தியது. ஃப்ளாஷ் வடிவில் வெளியான பழைய பாடங்கள் உலாவிகளில் இயங்காமல் போயின. மூலக்கோப்பு வைத்திருந்தவர்கள் பாடத்தைப் புதிய வடிவில் மீண்டும் வெளியிட வழியிருந்தது. வெளியீடு மட்டும் வைத்திருந்தவர்களுக்கு அந்த வழி இல்லை.

பகிர்ந்துவிட்டால் பத்திரமா?

‘எல்லாருக்கும் கூகல் டிரைவில் பகிர்ந்துவிட்டேன், இனிக் கவலை இல்லை’ என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. பகிர்ந்த கோப்பின் உரிமை, உருவாக்கியவரின் கணக்கிலேயே இருக்கிறது. அந்தக் கணக்கு நீக்கப்பட்டால், பகிரப்பட்டவர்களிடமிருந்தும் கோப்பு மறைந்துவிடும். பாடத்தைப் பெறுபவர் தம் கணக்கில் தனிப் படி எடுத்து வைத்தால்தான் அது காப்பு.

இன்னொரு சிக்கலும் உண்டு. கணினியில் தெரியும் கூகல் ஸ்லைட்ஸ் கோப்பை அப்படியே பென்டிரைவுக்கு நகர்த்தினால், போவது வெறும் இணைப்புதான். பாடம் அதில் இருக்காது. ‘பதிவிறக்கம்’ வழியாகப் பவர்பாயிண்ட் கோப்பாக மாற்றிய பிறகே சேமிக்க வேண்டும்.

புலனத்தில் காணொலியாக அனுப்பினால் அதன் தரம் குறைந்துவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் கோப்பு மாறாமல் சேரும்.

மூன்று, இரண்டு, ஒன்று

கணினித் துறையில் ஓர் எளிய விதி உண்டு. மூன்று படிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறோர் இடத்தில். ஆசிரியரின் மடிக்கணினியில் ஒன்று, பள்ளியின் வெளிவட்டில் ஒன்று, மேகச் சேமிப்பில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஒன்று ஏன் வேறோர் இடத்தில் இருக்க வேண்டும்? 2021 டிசம்பரில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவைச் சூழ்ந்த வெள்ளத்தை நினைத்தால் போதும். மடிக்கணினியும் வெளிவட்டும் ஒரே அலமாரியில் இருந்தால், வெள்ளம் வரும்போது இரண்டும் சேர்ந்தே நனையும்.

ஸ்டோரிலைன் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பென்டிரைவிலிருந்தே கோப்பைத் திறந்து வேலை செய்தால் கோப்பு கெட்டுப்போகக்கூடும். கணினியின் சொந்த வட்டில் வேலையை முடித்து, பிறகு படி எடுப்பதே பாதுகாப்பு.

மறுபார்வைக்கு அனுப்பும் முறை

மாணவர் கைக்குப் போகும் முன் இன்னொரு கண் பாடத்தைப் பார்க்க வேண்டும். தவறான ஒரு வல்லினம் முப்பது பிள்ளைகளின் மனத்தில் பதிந்துவிட்டால், அதை அழிப்பது எளிதல்ல.

வெளியிட்ட ஸ்டோரிலைன் உறையைக் கூகல் டிரைவில் ஏற்றி இணைப்பை அனுப்புவது பலர் செய்வது. ஆனால், டிரைவ் அதை இணையப் பக்கமாக இயக்காது. 2016ஆம் ஆண்டிலேயே கூகல் அந்த வசதியை நிறுத்திவிட்டது. ஆர்ட்டிகுலேட் சந்தா உள்ளவர்கள் அதன் ரிவியூ தளத்தில் ஏற்றலாம். பார்ப்பவருக்குச் சந்தா தேவையில்லை. எந்தத் திரையில் என்ன பிழை என்பதை அங்கேயே குறிப்பு எழுதலாம்.

அந்த வசதி இல்லாதவர்கள் முழு உறையையும் ஸிப் கோப்பாகச் சுருக்கி அனுப்பலாம். பெறுபவர் முதலில் அதை விரித்துவிட்டு, பிறகுதான் பாடத்தைத் திறக்க வேண்டும். அப்படியும் உலாவியைப் பொறுத்துச் சில பகுதிகள் இயங்காமல் போகலாம். எச்5பி பாடமென்றால், லூமி என்ற இலவச மென்பொருளில் திறந்து ஒரே கோப்பாக மாற்றி அனுப்பலாம்.

கூகல் ஸ்லைட்ஸ் பாடமென்றால் ‘கருத்துரைப்பவர்’ என்ற அனுமதி போதும். ‘திருத்துநர்’ அனுமதியைப் புலனக் குழுவில் போட்டுவிட்டால், யாராவது கை தவறி ஒரு பக்கத்தையே அழித்துவிடக்கூடும்.

அனுப்பும்போது மூன்று செய்திகளைச் சேர்த்து எழுதினால் வேலை விரைவாக முடியும். எந்த ஆண்டு, எந்தத் தலைப்பு. எதைப் பார்க்க வேண்டும், மொழியா, கருத்தா, இயக்கமா. எந்த நாளுக்குள் பதில் வேண்டும். மாணவர்களின் பெயர், முகம், புள்ளிகள் பாடத்தில் இருந்தால் முன்னதாக நீக்கிவிட வேண்டும்.

கோப்பின் பெயரிலும் ஒழுங்கு தேவை. ‘புதியது’, ‘இறுதி’, ‘உண்மையான இறுதி’ என்று பெயர் வைத்தால் ஒரு மாதம் கழித்து வைத்தவருக்கே புரியாது. ஆண்டு, தலைப்பு, தேதி, பதிப்பு எண் ஆகியவை இருந்தால் குழப்பமில்லை.

எழுத்துருவைச் சோதியுங்கள்

பழைய பாடங்கள் சிலவற்றில் யூனிகோட் அல்லாத தமிழ் எழுத்துருக்கள் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் முழுவதும் புரியாத குறிகளாகத் தெரியும். அத்தகைய பாடங்களை இப்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடுவது நல்லது. பவர்பாயிண்டில் எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதித்துச் சேமிக்கும் வசதியும் இருக்கிறது.

பள்ளியும் பெற்றோரும்

இதை ஆசிரியர் ஒருவரின் தோளில் மட்டும் போட முடியாது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு வெளிவட்டு வாங்கித் தரலாம். மாற்றலாகும் ஆசிரியர் சாவியையும் பதிவேட்டையும் ஒப்படைப்பதுபோல மூலக்கோப்புகளையும் ஒப்படைக்கும் வழக்கத்தைப் பள்ளி நிர்வாகம் கொண்டுவரலாம். ஒரே ஆசிரியர் பல பாடங்களைத் தாங்கும் சிறிய தோட்டப் பள்ளிகளுக்கு இது மிகவும் உதவும்.

காப்புப்படி எடுத்தால் மட்டும் போதாது. தவணைக்கு ஒருமுறை அதை வேறொரு கணினியில் திறந்து பார்க்க வேண்டும். அங்கே பாடம் ஓடினால், திருத்தவும் முடிந்தால், அந்தப் படியை நம்பலாம்.