இன்பமும் காப்பும் ஒரே பெட்டியில்

2007-இல் மத்திய அரசு நிறுவனமான ஹிந்துஸ்தான் லேடக்ஸ், ‘கிரெசெண்டோ’ என்ற ஆணுறையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெட்டிக்குள் ஆணுறைகளோடு, பேட்டரியில் அதிரும் சிறு வளையம் ஒன்றும் இருந்தது. மத்தியப் பிரதேச அமைச்சர் ஒருவர் கொதித்துப்போனார். குடும்பக் கட்டுப்பாட்டுக்காக உருவான அரசு நிறுவனம் பாலுறவு பொம்மை விற்கலாமா என்பது அவர் கேள்வி. ஆணுறையை ஆண்கள் விரும்பி அணிவதற்கே இந்த ஏற்பாடு என்பது நிறுவனத்தின் வாதம்.

அந்த வாதத்துக்குச் சான்று பிறகு வந்தது. உலக சுகாதார நிறுவனமும் பங்கேற்று 2022-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, இன்பத்தையும் சேர்த்துப் பேசும் பாலியல் நலத் திட்டங்கள், அதைப் பேசாத திட்டங்களைவிட ஆணுறைப் பயன்பாட்டைக் கூட்டுகின்றன என்று காட்டியது.

நிரோத் முதல் ஸ்ட்ராபெரி வரை

1968-இல் அரசு அறிமுகப்படுத்திய ஆணுறைக்கு ‘நிரோத்’ என்று பெயர். தடுப்பு என்பது பொருள். தேயிலை, சோப்பு, பேட்டரி விற்ற பெரிய நிறுவனங்களின் வண்டிகளில் ஏறி அது ஊர் ஊராகப் போனது. ஒன்றின் விலை 5 பைசா. 1986-இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தனர். அதுவரை ‘அளவான குடும்பத்துக்கு’ என்று பேசப்பட்ட ஆணுறை, நோய்க் காப்பாகவும் ஆனது. ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற விளம்பரத் தட்டிகளை ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் பார்க்காதவர் குறைவு.

இன்று மருந்துக்கடை அலமாரியில் கோடு போட்டது, புள்ளி வைத்தது, ஸ்ட்ராபெரி வாசனை என்று வரிசை நீள்கிறது. இவற்றில் ‘நீண்ட நேரம்’ என்று விற்கும் வகையை மட்டும் கொஞ்சம் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். அதன் உட்புறத்தில் பெரும்பாலும் பென்சோகெய்ன் என்ற மரப்பு மருந்து தடவியிருக்கும். அவசரத்தில் உள்புறத்தை வெளியே திருப்பி அணிந்தால் மரத்துப்போவது மனைவிக்கு! எந்த வகையானாலும் திருப்பி அணிந்துவிட்டால் அதை எறிந்துவிட்டுப் புதியதை எடுப்பதே சரி. முனையில் பட்ட கசிவிலேயே விந்தணுவோ கிருமியோ இருக்கலாம்.

ஒவ்வொரு முறையும் பிழையின்றி அணிந்தால், ஆணுறையை நம்பும் நூறு தம்பதிகளில் ஆண்டுக்கு 2 பேருக்குத்தான் கருத்தரிக்கும். நடைமுறையில் அது 13 ஆகிவிடுகிறது. பாதியில் அணிவது, காலாவதியானதை எடுப்பது, மணிபர்ஸில் மாதக்கணக்கில் வைத்துச் சூட்டில் வாட்டுவது எல்லாம் இந்த வித்தியாசத்துக்குக் காரணம். பாதுகாப்பு கூடும் என்று ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அணிந்தால், உராய்வில் கிழியத்தான் வாய்ப்பு அதிகம்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம்

உறவின்போது வரும் வறட்சிக்கு வீட்டில் கைக்கு எட்டுவது தேங்காய் எண்ணெய் அல்லது வாஸ்லின். லேடக்ஸ் ஆணுறைக்கு இரண்டுமே எதிரி. கனிம எண்ணெயில் வெறும் 60 வினாடி பட்டாலே ஆணுறையின் வலிமை சுமார் 90 சதவீதம் போய்விடுகிறது என்று 1989-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. கிழிந்தது கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம்.

மருந்துக்கடையில் கிடைக்கும் நீர் சார்ந்த ஜெல் எல்லாவற்றுக்கும் ஒத்துவரும். சிலிக்கான் ஜெல் நீண்ட நேரம் உலராது, ஆணுறையையும் கெடுக்காது. ஆனால் சிலிக்கானால் ஆன பாலுறவுக் கருவியின் மேற்பரப்பை அது சிதைக்கக்கூடும். பிரசவத்துக்குப் பின் பால் கொடுக்கும் மாதங்களிலும், மாதவிடாய் நின்ற பிறகும் பெண்ணுக்கு வறட்சி வருவது இயல்பு. ஜெல் கேட்டு வாங்குவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. தேன், சாக்லேட் போன்ற இனிப்புப் பண்டங்களைப் பெண்ணுறுப்பில் தடவும் விளையாட்டு மட்டும் வேண்டாம். பூஞ்சைத் தொற்றில் கொண்டுபோய் விடலாம்.

‘மசாஜர்’ வாங்கும் முன்

அதிர்வுக் கருவிகள் நம் ஊரில் பெரும்பாலும் ‘மசாஜர்’ என்ற பெயரில்தான் விற்கின்றன. ஆபாசப் பொருள் என்று சுங்கத்துறை பறிமுதல் செய்த உடல் மசாஜர்களைத் தடைசெய்யப்பட்ட பொருளாகக் கருத முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2024-இல் தீர்ப்பளித்தது.

பெட்டியில் என்ன பொருளால் செய்தது என்று எழுதியிருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். சிலிக்கான், துருப்பிடிக்காத எஃகு, போரோசிலிகேட் கண்ணாடி ஆகியவற்றில் நுண்துளை இல்லை, கழுவினால் சுத்தமாகும். ஜெல்லி போல மெத்தென்று, பிளாஸ்டிக் நெடி வீசும் மலிவுப் பொருள்களில் நுண்துளைகள் உண்டு. தாலேட் எனும் மென்மையூட்டி வேதிப்பொருளும் இருக்கலாம். இந்தக் கருவிகளுக்கென்றே ஐ.எஸ்.ஓ. 3533 என்ற உலகத் தரநிலை 2021-இல் வந்திருக்கிறது.

ஆசனவாய்க்கான கருவியின் அடிப்பகுதி அகன்றிருப்பது கட்டாயம். இல்லையென்றால் உள்ளே வழுக்கிப்போய், மருத்துவமனையில்தான் எடுக்க வேண்டிவரும். ஆணுறுப்பில் அணியும் வளையத்துக்கு 30 நிமிடம்தான் எல்லை. வலியோ மரப்போ வந்தால் உடனே கழற்ற வேண்டும்; அணிந்தபடி தூங்கவே கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் மருத்துவரிடம் கேட்ட பிறகே அணியலாம்.

கழுவினால் மட்டும் போதுமா?

மோட்டார் இல்லாத சிலிக்கான், எஃகுக் கருவிகளைக் கொதிநீரில் சில நிமிடம் போட்டு எடுக்கலாம். மோட்டார் உள்ளதை மென்மையான சோப்பு நீரால் கழுவி, நன்றாக உலர்த்த வேண்டும். ஆனால் அமெரிக்காவில் நடந்து 2014-இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், தெர்மோபிளாஸ்டிக் கருவிகள் சிலவற்றில் கழுவி 24 மணி நேரமான பிறகும் பாலுறவில் பரவும் எச்.பி.வி. கிருமி தென்பட்டது. மென் சிலிக்கானில் அப்போது தென்படவில்லை. அதனால் இருவரும் ஒரே கருவியைப் பயன்படுத்தினால், ஆள் மாறும்போது அதன்மேல் புது ஆணுறை போடுவது நல்லது. ஆசனவாயிலிருந்து பெண்ணுறுப்புக்கு மாறும்போதும் இதே விதிதான்.

புதிதாக எதை வீட்டுக்குக் கொண்டுவந்தாலும், இருவரும் பேசி ஒப்புக்கொண்ட பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும். பாதியில் ஒருவர் ‘போதும்’ என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

ஆணுறை கிழிந்துவிட்டால்

பதறி உள்ளே கழுவுவதால் பயனில்லை. அவசர கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். துணைக்கு எச்.ஐ.வி. இருக்கலாம் என்ற ஐயம் இருந்தால், அதைத் தடுக்கும் 28 நாள் மருந்தையும் அதே 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். விவரங்கள் ரகசியமாகக் காக்கப்படும். நேரில் போகத் தயங்குபவர்கள் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் முதலில் பேசிப் பார்க்கலாம்.