உங்கள் ஆக்கத்தை எந்தச் சஞ்சிகைக்கு அனுப்புவது?

எமது இளைஞர், யுவதிகள் பலர் நன்றாக எழுதுகிறார்கள். ஆனால் எழுதியதை எங்கு அனுப்புவது என்பதில்தான் தடுமாறுகிறார்கள்.

முதலில் சஞ்சிகை இப்போதும் வெளிவருகிறதா என்று பாருங்கள். 1966இல் டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் ஆரம்பித்த 'மல்லிகை' முஸ்லிம் எழுத்தாளர்கள் பலருக்கும் களம் தந்தது. இன்று அது இல்லை. சிற்றிதழ்கள் பெரும்பாலும் தனியொருவரின் உழைப்பிலும் கைக்காசிலும் நிற்பவை.

அடுத்து, இரண்டு மூன்று இதழ்களையாவது வாங்கி வாசியுங்கள். 2000இல் தி. ஞானசேகரன் ஆரம்பித்த 'ஞானம்', 2007இல் க. பரணீதரன் ஆரம்பித்த 'ஜீவநதி' போன்றவை கதை, கவிதை, கட்டுரை என அனைத்துக்கும் இடமளிப்பவை. அஷ்ரஃப் சிஹாப்தீனின் 'யாத்ரா'வோ கவிதைக்கென வந்தது. இந்த வேறுபாடு தெரியாமல் அனுப்பினால் நல்ல ஆக்கமும் திரும்பிவிடும்.

ஒரே கதையை ஒரே நேரத்தில் பல இடங்களுக்கு அனுப்பாதீர்கள். அது இரண்டு இடங்களில் அச்சானால் ஆசிரியரின் நம்பிக்கை போய்விடும். முகநூலில் பதிந்ததைப் பல ஆசிரியர்கள் ஏற்பதில்லை. பிரதியொன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் சில மாதங்களின் பின் மரியாதையாக விசாரியுங்கள். அதன் பிறகு வேறிடம் அனுப்பலாம்.

எமது ஊர்களின் பேச்சும் வாழ்வும் எம்மவர் எழுதினால்தான் பதிவாகும். மேசை லாச்சிக்குள் கிடக்கும் கதையை யாரும் வாசிக்கப் போவதில்லை.